உப்பு மண்ணில் புதர் எப்படிப் பிழைக்கிறது, அதை நட்டால் கொல்லையின் உப்புப் போகுமா?

கேட்டவர் அபுதாபியில் வேலை பார்க்கிறார். ஊர் தேவகோட்டைப் பக்கம். வேலைக்குப் போகிற வழியில் கடலோரப் பொட்டலில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்க, அதற்கு நடுவில் சில புதர்கள் பச்சையாக நிற்பதைத் தினமும் பார்க்கிறாராம். ஊரில் ஐயா காலத்துக் கொல்லை ஒன்று இருக்கிறது. அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 2,000 காட்டியது, வைத்த எலுமிச்சை கருகிவிட்டது. சீமைக்கருவேலமும் எருக்கும் மட்டும் ஜோராக நிற்கின்றன. "பாலைவனப் புதர்கள் இந்த உப்பிலும் வறட்சியிலும் எப்படிப் பிழைக்கின்றன? அவற்றைக் கொண்டுவந்து நம்ம கொல்லையில் நட்டால் உப்பை உறிஞ்சி நிலத்தைச் சரிபண்ணிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார். முதல் கேள்வி ஆர்வத்தில் கேட்டது. இரண்டாவதுதான் காசைப் போடப் போகிற கேள்வி. முதலாவதைச் சரியாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்குப் பதில் பாதி கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

நான் பார்த்த வேலை மண், தண்ணீர் பரிசோதனை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து மண்ணைப் பல வருடம் கையில் எடுத்துப் பார்த்தவன். படித்தது தாவரவியல். செடியின் செல்லுக்குள் நடப்பதை நானே ஆராய்ந்தவன் அல்ல, அந்தப் பகுதி படித்துத் தெரிந்துகொண்டது. மண்ணைப் பற்றிச் சொல்வது நேரில் பார்த்தது. இரண்டையும் அந்தந்த எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வறட்சியும் உப்பும் செடிக்கு முதலில் ஒரே தொந்தரவாகத்தான் வந்து சேர்கின்றன. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அது தண்ணீர் விடுகிறது அல்லவா, வேருக்கும் அதே கதிதான். வேருக்கு உள்ளே இருக்கிற சாற்றைவிட வெளியே மண்ணில் இருக்கிற தண்ணீரில் உப்பு அதிகமானால், தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருப்பதும் வெளியே போகப் பார்க்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கிற வலு ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம். அதையும் மீறி இழுக்கிற செடிதான் அங்கே தண்ணீர் குடிக்க முடியும். அதனால்தான் நிலம் சொதசொதவென்று இருக்கும்போதே செடி வாடுகிறது. உங்கள் எலுமிச்சைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ரெண்டு குடம் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான்.

உப்பில் இரண்டாவதாக ஒரு தொந்தரவும் உண்டு, அது வறட்சியில் கிடையாது. சோடியம் செல்லுக்குள் நுழைந்தால் பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலையில் குறுக்கே நிற்கும். செல்லின் வேலைகளை நடத்துகிற நொதிகள் (என்சைம்கள்) தடுமாறும். இலை நுனியிலிருந்து ஓரம் வழியாகக் கருகிக்கொண்டு வருவது இதன் அடையாளம். ஆகவே உப்பு நிலத்தில் வாழ நினைக்கிற செடி இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: மண்ணைவிட வலுவாகத் தண்ணீரை இழுக்க வேண்டும், உள்ளே வருகிற சோடியத்தால் சாகாமலும் இருக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்பு உள்ள தண்ணீரிலேயே முளைவிட்டு, வளர்ந்து, விதை போட்டு முடிக்கிற செடிகளைத்தான் உவர்நிலச் செடிகள் என்று ஆய்வாளர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். உலகத்துச் செடி வகைகளில் அவை சுமார் ஒரு சதவீதம்தான்.

அந்த ஒரு சதவீதத்தில் நமக்குப் பழக்கமானது உமரி. தேவகோட்டையிலிருந்து தொண்டிப் பக்கம் போனால் கடலை ஒட்டிய களிமண் தரையில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அபுதாபி உப்புப் பொட்டலில் நீங்கள் பார்ப்பதிலும் சில உமரிக்குப் பங்காளிகள்தான், ஒரே குடும்பம். உமரியின் ஒரு கணுவைக் கிள்ளி விரலால் நசுக்கிப் பாருங்கள். பொளக்கென்று உடைந்து சாறு வழியும். நாக்கில் வைத்தால் முதலில் உப்பு, பின்னால் லேசாகக் கீரை வாடை. அந்தச் சாற்றை உள்ளங்கையிலேயே காயவிட்டால் வெள்ளையாகப் படியும். பருவம் முடிகிற சமயத்தில் செடி நுனியிலிருந்து சிவந்துகொண்டு வரும், பீட்ரூட்டில் இருக்கிற அதே வகை நிறமிதான். இவ்வளவு உப்பை உள்ளே வைத்துக்கொண்டு இது எப்படி உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால், அங்கேதான் சுவாரசியம் இருக்கிறது. உமரியின் நொதிகள் ஒன்றும் உப்புக்குப் பழகியவை அல்ல. அவற்றைத் தனியே பிரித்தெடுத்து உப்புக் கரைசலில் வைத்தால், அவரைச் செடியின் நொதி எந்த அளவில் படுத்துவிடுகிறதோ அதே அளவில் இதுவும் படுத்துவிடும். 1970-களிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அப்படியென்றால் உப்பை அவற்றிடம் போகவிடாமல் தடுப்பதுதான் உமரியின் சாமர்த்தியம். முதிர்ந்த செல்லில் பெரும்பகுதி இடத்தை வாக்குவோல் என்கிற ஒரு பை அடைத்துக்கொண்டிருக்கும். வருகிற சோடியத்தையெல்லாம் அந்தப் பைக்குள் தள்ளி வைத்துவிடுகிறது. அந்த உப்பே வேரிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கவும் உதவுகிறது. பைக்கு வெளியே, உயிர்வேலை நடக்கிற இடத்தில், சமன் செய்வதற்காக ப்ரோலின், கிளைசின் பீட்டெய்ன் மாதிரி நொதிகளைக் கெடுக்காத பொருள்களைத் தானே தயாரித்து நிரப்புகிறது. இலையும் தண்டும் சதைப்பற்றாக உப்பி இருப்பதற்குக் காரணம், உள்ளே வந்த உப்பை நிறையத் தண்ணீரில் கலந்து நீர்க்க வைப்பது.

இது எதுவும் சும்மா நடப்பதில்லை. சோடியத்தை ஒவ்வொரு முறை பைக்குள் தள்ளுவதற்கும் சக்தி செலவாகிறது. ப்ரோலின் செய்யத் தழைச்சத்து வேண்டும். வளர்ச்சிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு இப்படிப் பாதுகாப்புக்குப் போகிறது. உமரிக்குக் கொஞ்சம் உப்பு இருந்தால்தான் செழிப்பு என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான பாலைவனப் புதர்களுக்கு அப்படி இல்லை. நல்ல மண் கொடுத்தால் இன்னும் நன்றாகவே வளரும். அங்கே மற்ற செடிகளோடு போட்டி போட முடியாததால்தான், வேறு யாரும் வராத உப்புப் பக்கம் ஒதுங்கி நிற்கின்றன.

உப்பை உள்ளே அடைத்து வைப்பது ஒரு வழி. வெளியே தள்ளுவது இன்னொன்று. அபுதாபியில் சாலையோரம் காற்றுத் தடுப்புக்காக வைத்திருக்கும் அத்ல் என்கிற டாமரிக்ஸ் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சவுக்கு மாதிரி மெல்லிய இலை. அதன் இலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு. பகலில் உப்புக் கரைசலைக் கசியவிடும், தண்ணீர் ஆவியானதும் இலை மேல் உப்புத் துகளாக நிற்கும். இரவில் காற்றின் ஈரத்தை அந்தத் துகள் இழுத்து நீர்த்துளியாக நிற்கிறது என்று உங்கள் ஊரிலேயே உள்ள நியூயார்க் பல்கலைக்கழக அபுதாபி வளாகத்தின் ஆய்வாளர்கள் 2023-ல் எழுதினார்கள். அதில் ஒரு பகுதியை மரம் இலை வழியாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. மரத்தின் மொத்தத் தேவையில் அது எத்தனை பங்கு என்பது தனிக் கேள்வி, அதை வைத்துப் பெரிதாகக் கனவு காண வேண்டாம். அட்ரிப்ளெக்ஸ் என்கிற உப்புப் புதர் வேறு மாதிரி. இலை மேலுள்ள நுண்ணிய குமிழ்களில் உப்பை நிரப்பி வைக்கும், அவை உடைந்து காய்ந்து இலைக்குச் சாம்பல் பூசிய நிறம் வரும். முத்துப்பேட்டை அலையாத்திக்கும் இலைச் சுரப்பிகள் உண்டு. சுரபுன்னை முக்கால்வாசி வேலையை வேரிலேயே முடித்துவிடும், உப்பைப் பெரும்பாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

இனி உங்கள் கொல்லையில் நிற்கிற சீமைக்கருவேலத்துக்கு வருவோம். அது உமரி வகை இல்லை. உப்பைக் கணிசமாகத் தாங்கும், வேரில் ஓரளவு தடுக்கவும் செய்யும், ஆனால் அதன் பெரிய பலம் ஆழம். மேலே மழை ஈரத்தைப் பிடிக்கப் பக்க வேர்கள், கீழே நிலத்தடி நீரைத் தேடிப் போகிற ஆணிவேர் என்று இரண்டு அடுக்கு வைத்திருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது இந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் உயிருள்ள வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டதாக 1960-களில் பதிவாகியிருக்கிறது. எல்லா மரமும் அவ்வளவு ஆழம் போகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, போக முடியும் என்பதுதான். நம் கோயில்களில் தலமரமாக நிற்கிற வன்னியும் இதற்கு நெருங்கிய உறவுதான். அங்கே காஃப் என்கிறார்கள், அமீரகத்தின் தேசிய மரமே அதுதான். சீமைக்கருவேலம் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி மழையையே கெடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, கண்மாயை அடைக்கிறது, தன் நிழலில் மற்ற விதைகள் முளைப்பதைக் குறைக்கிறது. அதன் மேல் வைக்க இந்தக் குற்றங்கள் போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

கள்ளிகள் மூன்றாவது ரகம். இவை வறட்சிக்காரர்கள், உப்புக்காரர்கள் இல்லை. பகலில் இலைத்துளையை மூடிவிட்டு, இரவில் திறந்து கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) வாங்கி, அதை அமிலமாக மாற்றி வைத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் அந்த அமிலத்தை எடுத்து ஒளிச்சேர்க்கையை நடத்தும். நம் பிரண்டையும் இப்படித்தான். இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்று உண்டு. தரங்கம்பாடிக்கு மிஷன் வேலையாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன் என்பவர், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நாம் சொல்கிற ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிப்பாகவும் நண்பகலில் சப்பென்றும் இருப்பதைக் கவனித்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1815-ல் அது அச்சானது. இந்த வகை ஒளிச்சேர்க்கை பற்றிய ஆரம்பக் குறிப்புகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். பாலுள்ள கள்ளிகளில் இதை மென்று பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியை மழையில்லாத இடத்தில் வைக்கலாம், உப்பு பூத்த இடத்தில் வைத்தால் சுருங்கிப் போகும். வறட்சியைத் தாங்குகிற செடி எல்லாம் உப்பைத் தாங்கும் என்று நினைத்து நர்சரியில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறைய. எருக்கு நடுவில் நிற்கிறது: தடித்த இலை, மேலே வெள்ளை மெழுகு, ஆழமான வேர், ஓரளவு உப்பும் தாங்கும்.

இன்னொன்று, வளர்ந்த புதர் தாங்குவதை விதை தாங்காது. பாலைவனப் புதர்களில் பல, நல்ல மழை பெய்து மேல்மண் உப்பு கழுவப்பட்ட சில நாட்களுக்குள் முளைத்து வேரை இறக்கிவிடும். அட்ரிப்ளெக்ஸ் விதையைச் சுற்றியுள்ள உறையிலேயே உப்பு இருக்கும், அது கரைந்து போகிற அளவுக்கு மழை வந்தால்தான் முளைக்கும். நம்மிடத்தில் அந்தச் சமயம் ஐப்பசி, கார்த்திகை.

சரி, காசுக் கேள்விக்கு வருவோம். உப்பைத் தின்கிற புதரை நட்டால் நிலத்தின் உப்பு குறையுமா? குறையும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மீட்டர் 2,000 காட்டினால் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. ஒரு பயிருக்கு அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால், ஏக்கருக்குச் சுமார் 20 லட்சம் லிட்டர். அதோடு நீங்களே நிலத்தில் கொட்டுகிற உப்பு 4 டன். உமரி மாதிரி ஒரு செடி நன்றாக விளைந்து ஏக்கருக்கு 4 டன் காய்ந்த தழை கொடுத்து, அதில் நாலில் ஒரு பங்கு உப்பு என்று வைத்தால் 1 டன்தான் வெளியேறும். அதுவும் அறுத்து, வண்டியில் ஏற்றி, கொல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால்தான். நிலத்திலேயே விட்டால் தழை மக்கி உப்பு திரும்பவும் மேல்மண்ணுக்கே வரும். டாமரிக்ஸ் மரத்தடியில் மண் இன்னும் உப்பாவது இதனால்தான். ஒரு பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு மறுபக்கம் செடியை வைத்து உப்பை எடுப்பது நடக்காத காரியம்.

ஆனால் செடி நிலத்தைத் திருத்துகிற இன்னொரு விதம் இருக்கிறது, அது உறுதியாகத் தெரிந்தது. உப்பு நிலம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு நோய் உண்டு. கரையும் உப்பு மிகுந்தது உவர் நிலம், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசி சைமனைத் தாண்டும். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணே கெட்டுப்போனது களர் நிலம், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும், காய்ந்தால் பாறையாக இறுகும். 1969-ல் தொடங்கிய, ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் வடக்கே களர் நிலங்களில் மரங்களை வைத்துப் பார்த்தது. அதில் நன்றாகத் திருத்தியவற்றில் ஒன்று, நாம் திட்டித் தீர்க்கிற சீமைக்கருவேலம்! அது உப்பைத் தின்று திருத்தவில்லை. வேர் மண்ணைப் பிளந்து வழிவிட்டது, வேர் விடுகிற கரிவளி மண்ணிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்தது, அதில் வந்த கால்சியம் களிமண்ணில் ஒட்டியிருந்த சோடியத்தை விலக்கியது, மழை அதைக் கீழே கொண்டுபோனது. எல்லாம் நடக்கப் பத்து, இருபது வருடம். மண்ணில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், இருந்தால்தான் இந்த வழி ஓடும். தேவகோட்டைப் பக்கத்தில் சில கொல்லைகளில் அது உண்டு, காரைக்குடிச் செம்புறை மண்ணில் பெரும்பாலும் இல்லை. இதைச் சாக்காக வைத்துச் சீமைக்கருவேலத்தை விட்டுவைக்கச் சொல்லவில்லை. அது ஒருமுறை வந்தால் உங்கள் பிள்ளைகள் காலம் வரைக்கும் வெட்ட வேண்டியிருக்கும்.

உங்களுடையது எந்த நோய் என்று நிலத்தைப் பார்க்காமல் சொல்ல எனக்கு வழியில்லை. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்கள். காய்ந்த மண் கட்டி ஒன்றை, பட்டாணி அளவுக்கு, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து அதில் கலக்காமல் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடாது, அதிலிருக்கிற உப்பே முடிவை மாற்றிவிடும். மறுநாள் வரைக்கும் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கி நின்றால் களர் பக்கம் என்று சந்தேகப்படலாம். உடைந்து அடியில் உட்கார்ந்து மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் உவராக இருக்கலாம், அல்லது மண்ணில் கோளாறே இல்லாமல் கிணற்றுத் தண்ணீர் மட்டும் கெட்டதாக இருக்கலாம். என் அனுபவத்தில் இந்தக் கடைசி ரகம் நம் பக்கம் நிறைய. ஆனால் இது அறிகுறிதான், முடிவு ஆய்வகத்தில்.

களர் என்று வந்தால் ஜிப்சம், தக்கைப்பூண்டு, மழைநீர் என்று வழி இருக்கிறது. அளவை ஆய்வக அறிக்கை சொல்லும். உவர் என்று வந்தால் மருந்து மழைத்தண்ணீர் ஒன்றுதான். அபுதாபிக்கும் நம் ஊருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். அங்கே வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் பெய்தாலே அதிகம். நமக்குச் சுமார் 900 மில்லிமீட்டர், அதில் கணிசமான பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 36 லட்சம் லிட்டர், கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர், காசில்லாமல் வருகிறது. ஊருணி வெட்டி மழைநீரைக் குடிதண்ணீருக்கு என்று காத்த ஊர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வரப்பை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, மழைக்கு முன்னால் உழுது, தண்ணீர் ஓடாமல் அங்கேயே இறங்க விடுங்கள். நிலத்தடி நீர் மேலாக நிற்கிற இடமாக இருந்தால் இறங்கின உப்பு போகவும் வடிகால் வேண்டும். பங்குனி, சித்திரையில் தரையை மொட்டையாக விடாதீர்கள். வெயில் ஈரத்தை இழுக்கும்போது உப்பும் கூடவே ஏறி மேலே பூக்கும், வைக்கோலோ பனையோலையோ எது கிடைத்தாலும் மூடி வைக்கலாம்.

நடுவதற்கு அங்கிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். அனுமதியில்லாமல் விதையும் கன்றும் கொண்டுவருவது சட்டப்படித் தப்பு. அதைவிட, வறண்ட நிலத்துக்கு நல்லது என்று 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துத்தான் சீமைக்கருவேலம் இந்தியாவுக்கு வந்தது. பனை, இலந்தை, கொடுக்காப்புளி, புங்கை இவை ஓரளவு உவரைத் தாங்கும். களர் என்றால் நெல்லியும் நாவலும் பார்க்கலாம். விதை போடாதீர்கள், நல்ல தண்ணீரில் வளர்ந்த கன்றை முதல் மழையோடு வையுங்கள். எலுமிச்சையையும் மாவையும் அந்தக் கிணற்றை நம்பி வைக்கவே வேண்டாம்.

மண் மாதிரி எடுக்க நல்ல சமயம் வைகாசி, உப்பு மேலே ஏறி நிற்கிற காலம். வெள்ளை பூத்த இடத்தில் ஒன்று, செடி நன்றாக இருக்கிற இடத்தில் ஒன்று என்று குழி வெட்டி, அரையடி, ஒன்றரையடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பையில் கலந்துவிட்டால் உப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்றே தெரியாது. கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரும் சேர்த்துக் கொடுங்கள். அறிக்கையில் மின்கடத்துத்திறன், கார அமில நிலை, களிமண்ணில் ஒட்டியிருக்கிற மாற்றுச் சோடியம் மூன்றும் வருகிற மாதிரி கேட்டு வாங்கி இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.